கூலர் ஒழுங்காக வேலை செய்கிறதா? நெல்லை வெயிலில் பிராசசர் சூட்டைச் சோதிக்கும் வழி

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, பிராசசர் எண்பது காட்டுது, போயிருமா?" போகாது. அதற்காகக் கூலர், அதாவது பிராசசர் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் தகடும் ஃபேனும், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. எண்பது என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் விஷயம்.

இணையத்தில் கிடைக்கும் சூட்டு அட்டவணைகள் பெரும்பாலும் ஏசி அறையிலோ குளிர்நாட்டிலோ 20, 22 டிகிரியில் எடுத்தவை. பாளையங்கோட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு 37, 38 டிகிரி இருப்பது சாதாரணம். அங்கே 65 காட்டும் அதே கூலர் இங்கே 80 காட்டத்தான் செய்யும். காற்றால் குளிர்விக்கும் கூலர் எதுவானாலும், தண்ணீர்க் கூலரே ஆனாலும், அறைச் சூட்டுக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது. அறைச் சூட்டுக்கு மேலே எத்தனை டிகிரியில் பிடித்து நிறுத்துகிறது என்பதில்தான் அதன் திறமை இருக்கிறது.

ஆகவே பிராசசர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழியுங்கள். வருகிற எண்ணைத்தான் இனிமேல் 'வித்தியாசம்' என்று சொல்லப் போகிறேன். கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் அதுதான் அடிப்படை.

முதலில் அளவு எடுங்கள்

அறைச் சூட்டை அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதைச் சுவரில் மாட்டாமல், கேபினெட் (கம்ப்யூட்டர் பெட்டி) காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி வையுங்கள். செல்போன் காட்டும் ஊர் வெப்பநிலை இதற்கு உதவாது. மொட்டை மாடி இறக்கும் வெக்கை அந்தக் கணக்கில் வராது.

பிராசசர் சூட்டைப் பார்க்க எச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எல்எம் சென்சார்ஸ். எச்டபிள்யூ இன்ஃபோவில் கண்ணில் படும் எண்ணையெல்லாம் நம்பிவிடக் கூடாது. எதுவும் இணைக்காத சென்சார் ஒன்று 127 டிகிரி காட்டும், பார்த்தவுடன் வயிறு கலங்கும். பார்க்க வேண்டியது இன்டெல் என்றால் 'சிபியு பேக்கேஜ்', ஏஎம்டி என்றால் 'டிசிடிஎல் / டிடை' என்ற வரி. ஏஎம்டியின் பழைய ரைசன் பிராசசர்களில் 1600எக்ஸ், 1700எக்ஸ், 1800எக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் டிசிடிஎல் உண்மைச் சூட்டைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டும். 2700எக்ஸில் 10 டிகிரி. அது பழுதில்லை, ஃபேன் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டி வைத்த கணக்கு.

பளு ஏற்ற, அதாவது பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சூடாக்க, சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருள் வசதியானது. சும்மா விட்டால் பத்து நிமிடம் ஓடும், நமக்கு அதுவே போதும். அது இல்லை என்றால் சிபியு இசட் மென்பொருளில் உள்ள ஸ்ட்ரெஸ் பொத்தான். பிரைம்95 அளவுக்கு மீறிப் பளு ஏற்றும். தட்டச்சும் டேலியும் ஓடுகிற மெஷினுக்கு அந்தத் தண்டனை தேவையில்லை.

கேபினெட் மூடியை மூடியே வைத்து, கால் மணி நேரம் சும்மா விட்டு ஒரு அளவு எடுங்கள். பிறகு சினிபெஞ்சை ஓட்டி, பத்தாவது விநாடி, முதல் நிமிடம், பத்தாவது நிமிடம் என மூன்று அளவுகள். நிறுத்திய பிறகு சூடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்றும் பாருங்கள். பலர் கடைசி எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். கதை முழுக்க நடுவில்தான் இருக்கிறது.

எவ்வளவு வித்தியாசம் நியாயம்? 65 வாட் இன்டெல் பிராசசர், அதன் விற்பனைப் பெட்டியோடு வந்த கூலர் என்றால் முழுப் பளுவில் 40 முதல் 50 வரை. ரைசனில் பெட்டியோடு வந்த சின்னக் கூலர் என்றால் 60 வரை போகலாம். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த, கோபுரம் மாதிரி உயரமான டவர் கூலர் போட்டிருந்தால் இதைவிடப் பத்துப் பதினைந்து குறைய வேண்டும். சும்மா இருக்கும்போது 10 முதல் 20 வரை. இவை குத்துமதிப்பான அளவுகள்தான், போர்டு (மதர்போர்டு) பிராசசருக்கு எத்தனை வாட் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். 38 டிகிரி அறையில் 83 காட்டும் இன்டெல் மெஷினுக்கு வித்தியாசம் 45. கூலர் தன் வேலையைச் செய்கிறது. 26 டிகிரி ஏசி அறையில் அதே 83 காட்டினால் வித்தியாசம் 57. அங்கே ஏதோ சரியில்லை.

பிராசசர் சூட்டின் உச்சவரம்பும் தெரிந்திருக்க வேண்டும். அண்மைக்கால இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் பலவற்றுக்கு 100 டிகிரி. ரைசன் 5000 வரிசையில் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசசர்கள் முழுப் பளுவில் 95ஐத் தொட்டு அங்கேயே நின்று ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் 95ஐப் பார்த்துப் பதறிக் கூலர் மாற்றிப் பிரயோசனமில்லை.

பளு ஏற்றிய சில விநாடியிலேயே தொண்ணூறைத் தாண்டுகிறது

சினிபெஞ்ச் ஓட ஆரம்பித்து மூன்று நான்கு விநாடிக்குள் 45இலிருந்து 95க்குத் தாவினால் ஃபேனைக் குற்றம் சொல்ல வேண்டாம். கூலரின் அலுமினியக் கட்டி (ஹீட்சிங்க்) சூடாகவே அவ்வளவு நேரம் போதாது. பிராசசரின் சூடு கட்டிக்கு ஏறவே இல்லை என்று அர்த்தம். பிராசசரும் கட்டியும் ஒட்டும் தொடுப்பில் கோளாறு.

உறுதி செய்ய விரல் போதும். பளு ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து, ஃபேன் இறக்கையில் விரல் படாமல், ஹீட்சிங்க் தகடுகளின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். திரையில் 95, தகடு வெதுவெதுப்பு என்றால் தொடுப்புதான் கெட்டிருக்கிறது. தகடும் கை வைக்க முடியாமல் கொதித்தால் தொடுப்பு நன்றாக இருக்கிறது, காற்றுதான் போதவில்லை. அதற்கு அடுத்த பகுதி. பளுவை நிறுத்தியதும் என்ன நடக்கிறது என்பதும் இதையே சொல்லும். தொடுப்புக் கோளாறில் சூடு சட்டென்று விழுந்துவிடும், கட்டி சூடாகவே இல்லையே. காற்றுக் கோளாறில் மெல்ல மெல்லத்தான் இறங்கும்.

ரைசன் 3000, 5000 வரிசைகளில் முதல் தாவல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். சில்லு சின்னது, சூடு ஒரே இடத்தில் குவிகிறது. ஆனால் தாவிய இடம் 70, 75 என்றால் விட்டுவிடலாம், 90 என்றால் விடக் கூடாது.

இன்டெல் கூலர் என்றால் அதைப் போர்டில் பிடித்து வைக்கும் நான்கு கால்களை முதலில் பாருங்கள். நான்கில் ஒன்று விட்டிருப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் பார்க்கும் பழுது. ஊர் மாற்றும்போது மினி லாரியில் படுக்கப்போட்டுக் கொண்டுபோன பெட்டி, வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி எல்லாம் இப்படித்தான் வந்து சேரும். கூலரின் ஒரு மூலையை லேசாக ஆட்டிப் பார்த்தால் விட்ட கால் தானாகவே தெரிந்துவிடும்.

மேலே பார்த்து மட்டும் நம்பாமல், கேபினெட்டின் மறுபக்க மூடியையும் கழற்றிப் போர்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கால் முழுசாக வெளியே வந்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் கறுப்பு முனை தெரிய வேண்டும். கறுப்பு முனை தெரியாத கால் பூட்டவில்லை. அடிக்கடி கழற்றி மாட்டிய கூலரில் அந்த வெள்ளைக் கால் வெளிறி நொறுங்கியே போயிருக்கும். அதைக் கயிறு வைத்துக் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். கால் தனியாகவே கடையில் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடலாம்.

கழற்ற வேண்டுமானால் காலின் தலையை அதில் உள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் கால்வாசிச் சுற்றுத் திருப்பி மேலே இழுக்க வேண்டும். திரும்ப மாட்டும் முன் அந்தத் தலையைப் பழைய நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் "எவ்வளவு அமுக்கினாலும் பிடிக்க மாட்டேங்குது" என்று வருகிறார்கள். அமுக்கும்போது எதிரெதிர் மூலைகளாக அமுக்குங்கள். ஒரே பக்கத்துக் கால் இரண்டையும் முதலில் பூட்டினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

ரைசனுக்கான ஏஎம்4 வகைச் சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டில் கூலரைக் கழற்றுகிறவர்கள் நேராக மேலே இழுக்கவே கூடாது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்து பிடித்திருந்தால் பிராசசரே சாக்கெட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், அடியில் உள்ள ஊசிகள் வளையும். மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஸ்குரூவையோ கொக்கியையோ விடுவித்த பிறகு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொண்டே எடுங்கள்.

கால்கள் சரி என்றால் அடுத்தது பேஸ்ட். கூலரை எடுத்ததும் துடைக்க அவசரப்பட வேண்டாம். இரண்டு பரப்பிலும் பேஸ்ட் பதிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். நடுவில் மெல்லிசாகவும் எல்லாப் பக்கமும் சமமாகவும் பரவியிருந்தால் நல்ல அமுக்கம். ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் பளபளவென்று இருந்தால் கூலர் சரிந்து உட்கார்ந்திருக்கிறது. கட்டியாகி, சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் காய்ந்துபோயிருக்கிறது. புதுக் கூலர் என்றால் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. சிரிக்காதீர்கள், நடக்கிறது.

துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், செல்போன் ரிப்பேர் கடைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பஞ்சு வேண்டாம், இழை விடும். பழைய வெள்ளை வேட்டித் துணி நல்லது. புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு. வெண்ணெய் மாதிரி அப்பினால் கூடுதல் குளிர்ச்சி கிடைக்காது, சாக்கெட்டுக்குள் வழிவதுதான் மிச்சம். பற்பசையைத் தடவச் சொல்லும் வீடியோக்கள் உலா வருகின்றன. அது சில நாளில் காய்ந்து கல்லாகிவிடும்.

மெல்ல மெல்ல ஏறி, ஐந்து பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போகிறது

முதல் நிமிடம் 65, ஐந்தாவது நிமிடம் 80, பத்தாவது நிமிடம் 92 என்று படிப்படியாக ஏறினால் சூடு கட்டிக்கு வருகிறது, கட்டியிலிருந்து வெளியே போகவில்லை. தகடு அடைத்திருக்கலாம், ஃபேன் சோர்ந்திருக்கலாம், கேபினெட்டுக்குள் அதே சூடான காற்று சுற்றிக்கொண்டிருக்கலாம்.

மூன்றையும் பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பத்தாவது நிமிடத்தில் சினிபெஞ்ச் முடிந்ததும் உடனே மறுபடி ஓட்டி, பளு நிற்காமல் பக்க மூடியைக் கழற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் சூடு ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றவாளி கேபினெட். ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கினால் தகடும் ஃபேனும்.

கேபினெட் என்றால் பெரும்பாலும் வைத்திருக்கும் இடம்தான் தவறு. நம் வீடுகளில் உள்ள கம்ப்யூட்டர் மேசையில் பெட்டி வைக்கக் கதவு போட்ட ஒரு அறை இருக்கும். பின்பக்கப் பலகையில் ஒயர் போக ஒரு ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே வெளியேறிய சூடு உள்ளேயே திரும்பி இழுக்கப்படுகிறது. அந்தக் கதவைக் கழற்றிவிட்டாலே வித்தியாசம் குறையும். பெட்டிக்குத் துணி உறை தைத்துப் போட்டு, ஓடும்போதும் பாதி உறையைத் தூக்கி மேலே விட்டு வைப்பவர்களும் உண்டு. மேல்பக்கக் காற்றுவழி அதோடு அடைந்தது.

கேபினெட்டின் பின் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். ஒரு சின்னக் காகிதத் துண்டைக் காட்டினால் ஒட்டினால் இழுக்கிறது, பறந்தால் தள்ளுகிறது. ஃபேனில் குறுக்குக் கம்பிச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன் ஃபேனும் பின் ஃபேனும் இரண்டுமே வெளியே தள்ளும்படி மாட்டியிருந்த பெட்டிகள் வந்ததுண்டு.

இனி தூசி. இங்கேதான் ஒவ்வொரு ஊரும் தன் முகத்தைக் காட்டும். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூள் மெல்லிய பழுப்புப் படலமாகத் தகட்டில் ஒட்டியிருக்கும். அதை ஊதினால் போகாது, பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சங்கரன்கோவில் விசைத்தறிப் பக்கம் பஞ்சு இழை ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் பாய் மாதிரி படிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும், ஃபேனைக் கழற்றினால்தான் அடியில் முழுப் பாயும் இருப்பது தெரியும். திசையன்விளை, இட்டமொழி பக்கத்தில் தேரி மணல். ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைச் சாத்தினாலும் செம்மண் உள்ளே வந்துவிடும். அது தகட்டை அடைப்பதைவிட ஃபேன் பேரிங்கை அரிப்பதுதான் அதிகம். உவரி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்று. அலுமினியத் தகட்டில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது தூசி இல்லை, உலோகம் அரிக்கிறது. ரொம்பப் பூத்திருந்தால் கூலரை மாற்றுவது நல்லது. பூஜை அறையை ஒட்டி வைத்த மெஷின்களில் சாம்பிராணிப் புகையும் எண்ணெயும் சேர்ந்த கறுப்புப் பிசுக்கு வேறு.

ஊதிச் சுத்தம் செய்யப் பலரும் பங்க்சர் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் இருக்கும், முதல் சில விநாடி காற்றைத் தரையில் ஊதிவிட்டு, காகிதத்தில் ஈரம் படுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சைரன் மாதிரிக் கத்திக்கொண்டு சுற்றுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் போகும், ஃபேன் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பவும் கூடும்.

தகடு சுத்தம், கேபினெட் சரி, அப்புறமும் ஏறுகிறது என்றால் ஃபேன் வேகத்தைப் பாருங்கள். பளுவில் அது தன் முழு வேகத்துக்குப் போக வேண்டும். சூடு 85ஐத் தாண்டியும் நிமிடத்துக்கு 1000 சுற்றிலேயே நின்றால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் அமைப்புத் திரையில், ஃபேன் அமைப்பு 'சைலண்ட்' என்று இருக்கலாம். நான்கு ஊசி இணைப்புள்ள ஃபேனை அங்கே மூன்று ஊசி முறைக்கு வைத்திருந்தாலும் குழப்பம் வரும். 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'டர்போ' என்று மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் மட்டும் திணறுகிறது

காலை ஆறு மணிக்கு ஒரு சோதனை, மதியம் மூன்று மணிக்கு ஒரு சோதனை. காலையில் அறை 28, பிராசசர் 74. மதியம் அறை 38, பிராசசர் 84. இரண்டிலும் வித்தியாசம் 46. கூலர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அறைதான் பத்து டிகிரி ஏறியிருக்கிறது. இதற்குப் புதுக் கூலர் வாங்கினால் கொஞ்சம் குறையும்தான், ஆனால் ஜன்னல் ஓரத்திலிருந்து மெஷினை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துவது செலவில்லாத வைத்தியம்.

மதியம் வித்தியாசமே கூடினால், அதாவது 46 இருந்தது 55 ஆனால், மேற்கு வெயில் நேராகப் பெட்டி மேல் விழுகிறதா, அல்லது பெட்டிக்குப் பின்னால் சுவரை ஒட்டிச் சூடு தேங்குகிறதா என்று பாருங்கள். பிராசசர் சூடாகும்போது அதன் மின்கசிவும் சற்றுக் கூடும், ஆகவே ஓரிரு டிகிரி கூடுவது இயல்பு. ஒன்பது கூடுவது இயல்பில்லை.

முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ ரெண்டர் போடும் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு தந்திரம். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் பெரும்பாலான மெஷின்களில் டர்போ என்ற கூடுதல் வேகம் நின்றுவிடும். ரெண்டர் நேரம் கூடும், ஆனால் சூடு நன்றாகவே இறங்கும். கத்திரி வெயில் மதியத்தில் 99, இரவு வேலைக்கு 100. ரைசன் என்றால் பயாஸில் உள்ள 'ஈகோ மோட்' இதைவிட நேர்த்தியாகச் செய்யும்.

சும்மா இருக்கும்போதே அறுபது, எழுபது

உண்மையிலேயே சும்மா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு பயன்பாடு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கலாம், ஆன்டிவைரஸ் தேடிக்கொண்டிருக்கலாம், கிராக் போட்ட மென்பொருளோடு சேர்ந்து வந்த, கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனிங் நிரல் மறைவாக ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் சத்தம் அடங்கி, மூடியதும் மறுபடி எழுந்தால் கடைசியாகச் சொன்னதைச் சந்தேகப்படுங்கள்.

பயாஸ் திரையில் தெரியும் சூட்டை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். அங்கே மின்சேமிப்பு வசதிகள் ஓடுவதில்லை. விண்டோஸில் 42 காட்டும் மெஷின் பயாஸில் 52 காட்டுவது சகஜம்.

வேகம் குறைகிறது, ஆனால் சூடு ஏறவில்லை

இதில்தான் வீணாகக் கூலர் வாங்குகிறவர்கள் அதிகம். ஐ5 10400 மாதிரியான பிராசசர் முதலில் 100 வாட்டைத் தாண்டி இழுத்து வேகமாக ஓடும். இன்டெல் சொன்ன அளவுகளை மதிக்கும் போர்டில் சுமார் 28 விநாடியில் 65 வாட்டுக்கு இறங்கிவிடும். வேகமும் இறங்கும், சூடும் இறங்கும். இது மின்வரம்பு, சூட்டுக் கோளாறு இல்லை. எச்டபிள்யூ இன்ஃபோவில் 'தெர்மல் திராட்லிங்' என்ற வரியில் 'யெஸ்' என்று வந்தால்தான் சூடு காரணம். 'பவர் லிமிட்' என்ற வரியில் மட்டும் 'யெஸ்' வந்தால் கூலரை நிம்மதியாக விடுங்கள்.

இன்னொரு வகை கொஞ்சம் நுட்பமானது. பெட்டியோடு வந்த கூலரை எடுத்துவிட்டு டவர் கூலரோ தண்ணீர்க் கூலரோ போட்ட பிறகு பிராசசர் குளிர்ந்துவிட்டது, வேகம் மட்டும் விழுகிறது. பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதியது. சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சுற்றுகளும் அந்தக் காற்றிலேயே குளிர்ந்தன. டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் அனுப்புகிறது. அந்த மின்சுற்றுகள் மேல் தகடு பொருத்தாத மலிவான போர்டுகளில் மின்சுற்று கொதித்துப் பிராசசரைக் கட்டுப்படுத்துகிறது. கேபினெட்டின் மேல் பின்பக்கம் ஒரு ஃபேன் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

சத்தம்

காத்தாடி கிடந்து இரைகிறது, ஆனால் வித்தியாசம் நியாயமாக இருக்கிறது என்றால் அது உழைக்கிறது, அவ்வளவுதான். ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கத்தினால் பயாஸ் ஃபேன் அமைப்பில் 'ஸ்டெப் அப்' நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு சின்னத் தாவலுக்கும் பதறாது.

கரகரவென்று அரைக்கும் சத்தம் பேரிங். ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் கொஞ்ச காலம் ஓடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டக் டக் என்று சீராக இடித்தால் ஒயர் இறக்கையில் படுகிறது. பல்லி செத்துக் கிடந்தாலும் இதே சத்தம் வரும்.

'சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்துக' என்று நிற்கிறது

ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சுற்றவில்லை என்றால் மெஷினை ஓட்டாதீர்கள். சுற்றுகிறது என்றால் ஒயர் போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் இல்லாமல் 'சிஸ் ஃபேன்' என்ற இடத்தில் மாட்டியிருக்கலாம். அதுவும் சரி என்றால், மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனைப் பயாஸ் 'நின்றுவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறது. குறைந்தபட்ச வேக எல்லையைச் சில போர்டுகளில் 600இலிருந்து 200, 300க்கு இறக்கலாம். 'இக்னோர்' என்று வைத்து எச்சரிக்கையை ஊமையாக்குவது மட்டும் வேண்டாம். உண்மையிலேயே ஃபேன் நிற்கும் நாளில் சொல்ல ஆள் இருக்காது.

பட்டென்று அணைந்துவிடுகிறது

நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, லைட் போன மாதிரி அணைகிறது. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

உடனே திரும்பப் போட்டுப் பயாஸுக்குள் போய்ச் சூட்டைப் பாருங்கள். 85, 90 இருந்தால் கூலர்தான். 50இல் இருந்தால் கூலரை விட்டுவிட்டு மின்பக்கம் போங்கள். அணைந்த நேரத்தையும் யோசியுங்கள். மோட்டார் போட்டபோதோ ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தபோதோ அணைந்தால் வோல்டேஜ். கரண்ட் போய் யுபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் அணைந்தால் யுபிஎஸ் பேட்டரி. கேம் அல்லது ரெண்டர் தொடங்கியவுடன் அணைந்து, சூடு 70ஐக்கூடத் தொடவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அணைந்ததும் உடனே போட்டால் இரண்டு நிமிடத்தில் மறுபடி அணைந்து, அரை மணி நேரம் கழித்துப் போட்டால் நீண்ட நேரம் ஓடினால் சூடு என்பது ஏறக்குறைய உறுதி. அப்படியானால் மேலே சொன்ன விரல் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

தண்ணீர்க் கூலர் போட்டவர்களுக்கு

ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது, பிராசசர் 95. ஒரு குழாய் சூடு, மற்றது குளிர்ச்சி. பம்ப் ஓடவில்லை. பயாஸில் பம்ப் சுற்று வேகம் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பம்பை எப்போதும் முழு வேகத்தில் விட வேண்டும், ஃபேன் மாதிரி ஏற்றி இறக்கக் கூடாது. களகளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால் பம்புக்குள் காற்று சேர்ந்திருக்கிறது. ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாற்றி மாட்டுங்கள். வருடக்கணக்கில் குழாய் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும், மூடிய அமைப்பில் மறுபடி ஊற்ற வழியில்லாதவைதான் அதிகம். ஃபேன் மட்டுமே உள்ள கூலரைத்தான் நம் ஊர்த் தூசிக்கு நான் சொல்வேன். கெட்டாலும் ஃபேனை மட்டும் மாற்றிவிட்டு அன்றைக்கே ஓட்டலாம்.

கூலர் மாற்றத்தான் வேண்டும் என்றால்

பேஸ்ட் மாற்றி, கால் பூட்டி, தகடு சுத்தம் செய்து, மூடி திறந்து பார்த்தும் வித்தியாசம் 60க்குக் குறையவில்லை என்றால் வாங்குங்கள். வாங்கும் முன் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல் 10, 11ஆம் தலைமுறைப் போர்டுகளில் கூலர் துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளி. 12ஆம் தலைமுறையிலிருந்து வந்த எல்ஜிஏ 1700 போர்டில் 78. பழைய கூலரைப் புதுப் போர்டில் வளைத்து அமுக்கி மாட்டினால் மேலே சொன்ன முதல் கோளாறைக் காசு கொடுத்து வாங்கிய கணக்குதான். ரைசன் ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டில் அப்படியே உட்காரும், போர்டோடு வந்த பின்தகட்டை மட்டும் கழற்றிவிடக் கூடாது. டவர் கூலர்கள் பல 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரம். ஒல்லியான கேபினெட்டில் மூடி மூடாது, ஆகவே போர்டிலிருந்து பக்க மூடி வரை ஒரு ஸ்கேலை வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.